விடுதி அறைக்கு டிவி வேண்டுமா? முள்ளியவளைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி,

செப்டெம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்க வருகிறீர்கள், பல்கலைக்கழக விடுதியில் தனி அறை கிடைத்திருக்கிறது. சிறுபோக நெல் விற்ற காசில் 32 இஞ்சி டிவி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். அதைக் கொண்டு வருவதா, இங்கே வந்து வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் வன்னியில் மாங்குளத்தில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு வெளிக்கிட்டு வந்து, இப்போது பல வருடமாக ஒரு மாணவர் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். உங்களைப் போன்ற பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவதை ஒவ்வொரு செப்டெம்பரும் பார்க்கிறேன். டிவி கொண்டு வர வேண்டாம். வந்த கையோடு வாங்கவும் வேண்டாம்.

பாரம் ஒரு பிரச்சினை இல்லை, 32 இஞ்சி டிவி பெட்டியோடு ஐந்தாறு கிலோதான் வரும். டிஸ்பிளே தாங்குமா என்பதுதான் கேள்வி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெல்ட்டில் விட்டால், விமானம் மாறி இங்கே வந்து சேருவதற்குள் அது எத்தனையோ கை மாறும். உடையக்கூடியது என்று எழுதி ஒட்டினாலும், உடைந்து போனால் பெரும்பாலும் விமான நிறுவனம் பொறுப்பெடுக்காது. முழுசாக வந்து சேர்ந்தாலும் இன்னொன்று இருக்கிறது. இங்கே பழைய அனலொக் ஒளிபரப்பு 2012ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது, அன்டெனாவில் வருவது டிஜிட்டல் மட்டும்தான். ஊர்க் கடையில் வாங்கிய டிவி அதைப் பிடிக்கும் என்று நம்பி வர முடியாது. பிடிக்காவிட்டால் லப்டொப்பைக் கொழுவிப் பார்க்கும் திரையாக மட்டும்தான் அது கிடக்கும்.

மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், அதில் பயமில்லை. பிளக் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஊரில் சில சாமான்களோடு இரண்டு உருண்டைக் குச்சி வைத்த பிளக் வரும். அதைச் சதுரத் துளைச் சொக்கற்றில் செருகுவதற்காக, மேல் துளைக்குள் பேனையையோ ஈர்க்கையோ விட்டு அமத்திப் பிடிப்போம். இங்கே அதை ஒருநாளும் செய்யாதீர்கள். அந்த மேல் துளை எர்த்துக்கு உரியது. அதற்குள் குச்சி போனால்தான் கீழே இரண்டு துளைகளின் மூடியும் திறக்கும், சின்னப் பிள்ளைகள் கைவைக்காமல் இருக்கச் செய்த பாதுகாப்பு அது. எங்கள் விடுதியில் அறைச் சோதனைக்கு வருகிறவர்கள் இப்படிச் செருகிய எதையும் கண்டால் கழற்றிக் கொண்டுபோய் விடுவார்கள். டிவி இல்லாவிட்டாலும் இது உங்களுக்கு உதவும், சார்ஜருக்கும் இதே கதைதான்.

அடுத்தது லைசன்ஸ். ஊரில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை ஒருவரும் சொல்லி விடுவதில்லை. இங்கே டிவி பார்க்க வருடத்துக்கு ஒரு லைசன்ஸ் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அது 174.50 பவுணாக இருந்தது, பிறகும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இலங்கைக் காசில் அது அப்போது 70,000 ரூபாய்க்குக் கிட்ட. உங்கள் அறைக்கு விடுதி எடுத்துத் தராது. பொது அறையில் இருக்கும் டிவிக்குத்தான் வழக்கமாக விடுதியின் லைசன்ஸ் பொருந்தும், பூட்டிய தனி அறை உங்கள் பொறுப்பு.

இந்தச் சட்டம் டிவிப் பெட்டியைப் பார்ப்பதில்லை, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்றுதான் பார்க்கும். ஏதாவது ஒரு சனல் நேரடியாகப் போகும்போது பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசன்ஸ் வேண்டும். அது லப்டொப்போ போனோ, தமிழ்ச் சனலோ சிங்களச் சனலோ, யூடியூப்பில் ஓடும் சனலின் நேரலையோ, எல்லாம் ஒன்றுதான். பிபிசியின் ஐபிளேயரில் மட்டும் பழைய நிகழ்ச்சி பார்க்கவும் வேண்டும். நெட்பிளிக்ஸ் படத்துக்கு வேண்டாம். முடிந்த பிறகு யூடியூப்பில் ஏற்றிவிடும் நாடகத்துக்கும் பாட்டு நிகழ்ச்சிக்கும் வேண்டாம். டிவி வாங்கி வைத்து அதில் இவற்றை மட்டும் பார்த்தாலும் வேண்டாம். ஆனால் இலங்கை அணியின் மச்சை நேரடியாகப் பார்த்தால் வேண்டும். பிடிபட்டு வழக்கானால் 1,000 பவுண் வரை தண்டம் வரலாம்.

உங்களோடு படிக்கும் இங்கத்தைய பிள்ளைகள், போனைச் சார்ஜில் போடாமல் பற்றரியில் பார்த்தால் லைசன்ஸ் தேவையில்லை என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி, அவர்களுக்கு. பெற்றோர் வீட்டில் லைசன்ஸ் இருக்கிற பிள்ளைக்கு உள்ள சலுகை அது. உங்கள் வீடு முள்ளியவளையில் இருக்கிறது, அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஒக்டோபர் அளவில் எங்கள் விடுதித் தபால் பெட்டிகளில் டிவி லைசன்ஸ்காரர்களின் கடிதங்கள் வந்து விழத் தொடங்கும். பெயர் இருக்காது, அறை இலக்கம் மட்டும் இருக்கும், உள்ளே லைசன்ஸ் இல்லை என்று கடுமையாக எழுதியிருக்கும். ஊரில் இருந்து வந்த ஒரு பிள்ளை அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விசாவுக்கு ஏதும் நடக்குமா அக்கா என்று கண் கலங்க என் முன்னால் வந்து நின்றது. பயப்படாதீர்கள். நேரலையும் ஐபிளேயரும் பார்க்காவிட்டால், லைசன்ஸ் தேவையில்லை என்று அவர்களுடைய இணையத்தளத்தில் அறை விலாசத்தைப் போட்டு அறிவித்துவிடலாம், அதற்குக் காசு இல்லை. நேரில் வந்து தட்டினாலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்கள் சம்மதமின்றி உள்ளே வர அவர்களுக்கு உரிமை கிடையாது. மரியாதையாகப் பேசி அனுப்புங்கள்.

காசுக் கணக்கு இவ்வளவுதான். ஆனால் நான் வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம் நவம்பர், டிசெம்பர் மாதங்கள். டிசெம்பர் அளவில் இங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். செப்டெம்பரில் கலகலவென்று வந்த பிள்ளைகளில் சிலர் அந்த நேரத்தில் கண்ணில் படாமல் போவார்கள். வகுப்பு, கடை, அறை, கதவு சாத்து. கதவுக்குப் பின்னால் ஊர் நாடகம் ஓடும் சத்தம் கேட்கும். அந்தப் பிள்ளைக்கு முதல் பரீட்சை முடிவு வரும்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரியவரும், எனக்கு அது நெஞ்சை உறுத்தும். லப்டொப்பிலும் அதே நாடகத்தைப் பார்க்கலாம்தானே என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் படிப்பதற்கு அதை மூடியோ மாற்றியோ ஆக வேண்டும். கட்டிலுக்கு எதிரே சுவரில் நிற்கும் டிவி அப்படி இல்லை, கண் விழித்ததும் றிமோட் கையில் வந்துவிடும்.

அப்பா ஏன் டிவி என்று நிற்கிறார் என்பது எனக்கு விளங்குகிறது. சண்டைக் காலத்தில் வன்னியில் கரண்ட் எங்கே இருந்தது? ஒரு வீட்டில் ஜெனரேற்றர் பிடித்து டிவியும் டெக்கும் வைத்தால் ஒழுங்கை முழுக்க அந்த முற்றத்துக்கு வந்துவிடும். பாயும் சாக்கும் கொண்டு வந்து, விடிய விடிய மூன்று படம் பார்த்துவிட்டுத்தான் எழும்புவார்கள். அவருடைய மனதில் டிவி இருக்கும் இடத்தில் ஆட்கள் இருப்பார்கள், மகன் தனித்துப் போகமாட்டான். இங்கே அந்த முற்றம் உங்கள் அறை இல்லை, நாலைந்து பேர் சேர்ந்து சமைக்கும் குசினியும் கீழே இருக்கும் பொது அறையும்தான். ஃபுட்போல் மச் நாளில் அங்கே போய் இருங்கள். விளையாட்டு விளங்காவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள், சொல்லித் தருவார்கள். நாலு பேருக்கு உங்கள் பெயர் தெரிவது அங்கேதான். ஒருநாள் பருப்பும் சோறும் கொஞ்சம் கூடச் சமைத்து நீட்டிப் பாருங்கள். அப்பாவிடமும் இதைத்தான் சொல்லுங்கள், டிவி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மனம் நோவார்.

அந்தக் காசை அவர் கட்டாயம் தந்தேயாக வேண்டும் என்றால் பவுணாக மாற்றிக் கொண்டு வாருங்கள். முதல் மாதக் குளிர்ச் சட்டைக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். பெட்டியில் டிவிக்கு ஒதுக்கிய கிலோவுக்கு அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூளைக் கட்டுங்கள். படிப்புக்குப் பெரிய திரை உண்மையிலேயே தேவைப்பட்டால், பழைய கணினி மொனிற்றர் ஒன்று போதும்.

சரி, வெளிக்கிட முன்னம் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். என்னென்ன மின்சாரச் சாமான் அறையில் வைக்கலாம், பொது அறையில் டிவி இருக்கிறதா, ரைஸ் குக்கர் விடுவார்களா என்று மூன்றையும் கேளுங்கள், விடுதிக்கு விடுதி விதி மாறும். கிறிஸ்மஸ் தாண்டியும் டிவி வேண்டும் என்று தோன்றினால் இங்கேயே வாங்கலாம். புது 32 இஞ்சி 150 பவுணுக்குள் கிடைக்கும். ஜூனில் படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகள் அதைவிட எவ்வளவோ குறைவாக விற்றுவிட்டுப் போவார்கள், சிலர் சும்மாவும் தருவார்கள்.