எமதூதருக்கு வேலூரில் என்ன வேலை?

கேள்வி: எமதூதர்களை வைத்து ஒரு மாயப்புனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை இன்றைய வேலூரில் நடக்கிறது. சாலை விபத்தில் இறக்கும் ஓர் இளம்பெண், எமதூதராக வேலைக்குச் சேர்கிறாள். எட்டு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. படித்த தோழிகள், கொரியத் தொடரைத் தமிழ் டப்பிங்கில் பார்த்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள். கறுப்பு அங்கியையும் நீள அரிவாளையும் எடுத்துவிட்டால் போதுமா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: போதாது. அங்கியைக் கழற்றிவிட்டு எருமை மேல் ஏற்றினாலும் தோழிகள் அதையேதான் சொல்வார்கள். நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களில் உங்கள் நாயகி தொடுகிறாள், ஆள் சாகிறார், அடுத்த ஆளைத் தேடிப் போகிறாள். உயிர் எப்படிப் பிரிகிறது, பிரிந்த பிறகு எங்கே போகிறது என்பதற்கு அங்கே ஒரு விதியும் இல்லை. இடைவெளியைக் கொரியத் தொடர் நிரப்பிவிட்டது.

அரிவாளிலிருந்தே தொடங்கலாம். அது ஐரோப்பாவின் கருவி. கதிர் அறுப்பதுபோல் சாவு மனிதரை அறுத்துப் போகிறது என்பது அவர்கள் கற்பனை. நம்மிடம் வேறு சொல் இருக்கிறது. உடலையும் உயிரையும் கூறாக்குபவன் கூற்றுவன். புறநானூற்றின் 195-ஆம் பாட்டில் அவன் கையில் கணிச்சி என்ற கூரிய படை இருக்கிறது, ஆனால் அவன் செய்யும் வேலையைப் 'பிணிக்கும்' என்றுதான் பாட்டு சொல்கிறது. கட்டுகிறான். பின்னால் வந்த பாசக்கயிறும் அதே வேலைக்குத்தான். அறுப்பவனுக்கு அறுத்ததோடு வேலை முடிந்தது. கட்டி அழைத்துப் போகிறவனுக்கு அப்போதுதான் வேலையே தொடங்குகிறது. உங்கள் நாவல் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

சரி, விதியை எங்கே தேடுவது? உங்கள் மாவட்டத்திலேயே, கர்ண மோட்சம் கூத்தில் தேடுங்கள். பழைய வட ஆற்காட்டு ஊர்களில் சாவு வீட்டுக் காரியத்துக்கு விடிய விடிய ஆடுவார்கள். நான் முதன்முதலில் பார்த்தது ஆரணிப் பக்கத்தில், என் உறவுக்காரர் ஒருவரின் கருமாதி இரவில். கர்ணன் மேல் அம்பு மேல் அம்பாக விழுகிறது, உயிர் மட்டும் போகவில்லை. அவன் செய்த தர்மம் காவல் நிற்கிறது. கண்ணன் கிழப் பார்ப்பனராக வந்து அந்தப் புண்ணியத்தையே தானமாகக் கேட்கிறான். கர்ணன் தாரைவார்த்துக் கொடுத்த பிறகுதான் சாவு அவனை நெருங்குகிறது. கர்ணன் மனைவி பொன்னுருவி புலம்பியபோது, அந்த வீட்டு அம்மாவும் கூடவே குரலெடுத்து அழுதார். பத்து நாளாக அவர் அழவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தக் கதையில் உயிர் பிரிய ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை நிறைவேற்ற ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் நாயகி அப்படி யாரிடமாவது கேட்டிருக்கிறாளா? கேட்டால் அவர் மறுக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டால் பாதி நாவல் நேராகிவிடும்.

மீதிப் பாதி, வழி. கருட புராணக் கணக்கில் இறந்தவர் பதினாறு ஊர்களைக் கடந்து ஓராண்டு நடக்கிறார். வழியில் வைதரணி ஆறு. மாதாமாதம் வீட்டார் செய்யும் மாசிகம்தான் அவருக்கு வழிச்சோறு. இருப்பவர்கள் மறந்தால் இறந்தவர் பட்டினி. இதை வேலூரில் வைத்துப் பாருங்கள். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். கடைப் பலகைகளில் வங்க எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் இங்கேயே இறந்தால், காரியம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும். சோறு அங்கே, நடப்பவர் இங்கே. அவருடைய மொழி தெரியாத உங்கள் நாயகி அவரை எப்படி அழைத்துப் போவாள்? இந்தக் காட்சியை வேலூரை விட்டு வேறெங்கும் எழுத முடியாது என்றே நினைக்கிறேன். மருத்துவமனையை மட்டும் கற்பனைப் பெயரில் வையுங்கள்.

வைதரணிக்குப் பாலாறு இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணல், யாரும் நடந்தே கடக்கலாம். 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. அந்த நாட்களில் இறந்தவர்கள் இக்கரையிலேயே காத்துக் கிடந்திருந்தால்? அதே ஆற்றோரம் விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கு மார்க்கபந்தீசுவரர், வழித்துணைநாதர் என்று பெயர். அந்தக் கோயிலில் நிழல் பார்த்து மணி சொல்லும் கல்லும் உண்டு. காலன் கதைக்கு இரண்டும் பக்கத்திலேயே கிடைக்க, நீங்கள் எட்டு அத்தியாயமும் பேருந்து நிலையத்தையும் கோட்டைப் பூங்காவையும் மட்டும் சுற்றியிருக்கிறீர்கள்.

அப்புறம், ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் வீட்டுச் சாவுக்கு உங்கள் எமதூதி போகக் கூடாது. அங்கே வருபவர் உயிரை வாங்கும் வானவரான மலக்குல் மவுத். கப்ரில், அதாவது புதைகுழியில், கேள்வி கேட்க முன்கர், நகீர் என்று இரு வானவர்கள் உண்டு. மலக்குல் மவுத் ஒரு வாசலிலும் இவள் பக்கத்து வாசலிலும் ஒரே இரவில் நிற்கட்டும். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடாமல் இருந்தாலே போதும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் 1806 ஜூலை 10 கோட்டைக் கிளர்ச்சியில் இறந்த சிப்பாய்களைப் பேய்க்கூட்டமாக ஓட விட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் அவர்கள், பயமுறுத்தும் பொருளாக வருவது எனக்கு வலிக்கிறது. ஒரே ஒரு சிப்பாயை வையுங்கள். தனக்கு யாரும் காரியம் செய்யாததால் இன்னும் முதல் ஊரைத் தாண்டாதவர்.

முழு நாவலையும் இப்போது திருத்த வேண்டாம். லாட்ஜில் இறந்த வங்காளிப் பெரியவருடன் உங்கள் நாயகி பாலாற்று மணலில் இறங்கும் ஓர் அத்தியாயத்தை மட்டும் புதிதாக எழுதி அனுப்புங்கள். அவருக்குப் பசிக்கட்டும். அவள் கையில் ஒன்றும் இருக்க வேண்டாம்.