ஒழுங்காகப் பயிற்சி செய்யும் பிள்ளை ஏன் குடிக்கிறான்?

கேள்வி: என் மகனுக்கு வயது 16. கால்பந்து அணியில் ஆடுகிறான். விடியுமுன் எழுந்து பயிற்சிக்குப் போகிறவன், இனிப்பைக்கூடத் தொடமாட்டான். சென்ற வாரம் ஆட்டத்தில் வென்று வீடு திரும்பியபோது அவனிடம் மது வாடை அடித்தது. உடம்பை இவ்வளவு பேணுகிறவன் ஏன் குடிக்க வேண்டும்? விளையாட்டையே நிறுத்திவிடலாமா?

பதில்: விளையாடுகிற பிள்ளைகள் தீய பழக்கங்களுக்குப் போகமாட்டார்கள் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. விளையாட்டில் ஈடுபடும் பதின்வயதினர் மற்றவர்களைவிடக் குறைவாகப் புகைபிடிக்கிறார்கள் என்றும், மது விஷயத்தில் மட்டும், குறிப்பாக அணி விளையாட்டுகளில், அவர்கள் சற்று அதிகமாகவே குடிக்கிறார்கள் என்றும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆட்டத்துக்குப் பிறகு குடிக்கும் பீர் மைதானத்தில் உடனே தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

முக்கியக் காரணம் அணிக்குள் இருக்கிறது. வென்ற அன்று உடை மாற்றும் அறையில் மூத்த வீரர் நீட்டும் பீர் பாட்டில், 16 வயதுப் பையனுக்கு 'இனி நீயும் எங்களில் ஒருவன்' என்ற அழைப்பாகவே தெரிகிறது. நாளைக்குத் தனக்குப் பந்தைக் கடத்த வேண்டியவரும் அவரே என்பதால், மறுப்பது அவனுக்கு எளிதன்று. மற்றவர்கள் எல்லாரும் குடிக்கிறார்கள் என்று அவன் போடும் கணக்கு பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். போதாக்குறைக்கு, விளைவை எடைபோட்டு ஆசைக்குக் கடிவாளமிடும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே, ஏன் குடித்தாய் என்பதைவிட எப்போது, யாருடன் குடித்தாய் என்று கேளுங்கள். வெற்றிக்குப் பின் கூட்டத்தோடு குடிப்பது ஒரு வகை. தோல்விக்குப் பிறகோ, அணித் தேர்வில் விடுபட்ட பிறகோ, காயத்தால் வாரக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருக்கும்போதோ தனியாகக் குடிப்பது வேறு. அப்படியானால் தாமதிக்காமல் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள்.

பேசும்போது ஈரலைப் பற்றி எச்சரிப்பதைவிட ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது அவன் காதில் ஏறும். மது தூக்கத்தைக் கலைக்கிறது. சிறுநீரைக் கூட்டி உடலின் நீரைக் குறைக்கிறது. கடும் பயிற்சிக்குப் பின் இளைஞர்கள் நிறைய மது அருந்தியபோது, புரதமும் சேர்த்து உட்கொண்டிருந்தும், தசையில் புதுப் புரதம் உருவாகும் வேகம் 24 சதவீதம் குறைந்ததாக 2014இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. காலைப் பயிற்சியின் பலனில் ஒரு பங்கை மாலையில் இழக்கிறோம் என்பது அவனுக்குப் புரியும்.

விளையாட்டை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பயிற்சி போய்விடும், சகவாசம் மிஞ்சும். யார் பெயரையும் சொல்லாமல், ஆட்டத்துக்குப் பிந்தைய நேரத்தைப் பற்றிப் பயிற்சியாளரிடம் பேசுங்கள். அடுத்த சில ஆட்டங்கள் முடியும்போது நீங்களே போய் அழைத்து வாருங்கள். "வீட்டிலிருந்து வந்து காத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, யாரிடமும் முகம் இழக்காமல் அவன் அந்த அறையைவிட்டு வெளியே வந்துவிடலாம்.