ஜிபிஏ 3.2 இருந்தும் நிதியுதவி எச்சரிக்கை ஏன்?

சகோதரி, அண்ணன் போட்ட மனுவில் கிரீன் கார்டு கிடைத்து டெக்சாஸ் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷக் கல்லூரி) மகள் ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, 3.2 வாங்கியும் நிதியுதவி எச்சரிக்கை மெயில் வந்திருக்கிறது, அமெரிக்க அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகை நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எச்சரிக்கை என்றால் அடுத்த செமஸ்டருக்குப் பணம் வரும். ஆனால் அந்த மெயிலை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

மார்க் வந்தால் போதும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இங்கே மத்திய அரசின் உதவிக்கு அது பாதிதான். பதிவுசெய்த கிரெடிட்டில் (பாடங்களின் அளவுக் கணக்கு) எத்தனை முடித்தாள் என்றும் பார்ப்பார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 67 சதவீதம் வேண்டும். உங்கள் மகள் 15 எடுத்தாள், எகனாமிக்ஸையும் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் பாதியில் விட்டாள், முடித்தது 9. அதாவது 60 சதவீதம். பாடத்தைப் பாதியில் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியல்) விழும் 'டபிள்யூ' ஜிபிஏவைத் தொடாது என்பதால் பிள்ளைகள் துணிந்து விட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கிலோ டபிள்யூவும், ஃபெயிலான எஃப்பும் ஒன்றுதான்.

வரும் செமஸ்டரில் 12 கிரெடிட் எடுத்து எல்லாவற்றையும் பாஸ் பண்ணினால் 27க்கு 21 ஆகிவிடும், கிட்டத்தட்ட 78 சதவீதம். எச்சரிக்கை நீங்கிவிடும். 12 இருந்தாலே முழுநேர மாணவிதான், விட்டதைப் பிடிக்க 18 எடுக்கச் சொல்லி அவளை வதைக்க வேண்டாம்.

ஏதாவது பாடம் ஒத்துவரவில்லையா, ஆரம்பத்திலேயே விடட்டும். டெக்சாஸில் 16 வார செமஸ்டருக்கு 12ஆவது வகுப்பு நாள்தான் கணக்கு நாள்; அதற்குள் விட்டால் டபிள்யூ விழாது. அப்புறம், இங்கே அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு முழுவதற்கும் ஆறு பாடங்களைத்தான் கணக்கு நாளுக்கு அப்புறம் பாதியில் விட முடியும். செமஸ்டரின் 60 சதவீதம் முடியும் முன் எல்லாப் பாடங்களையும் விட்டால், வந்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டிவரும். மேஜர் (முதன்மைப் பாடம்) மாற்ற நினைத்தாலும் கவனம்: 60 கிரெடிட் படிப்புக்கு 90 வரைதான் உதவி கிடைக்கும்.

அடுத்த முறையும் தவறினால் உதவி நிற்கும், அப்பீல் போட வேண்டும். தெரிந்தவர் பையனுக்கு அப்பீல் எழுத நான் உதவியிருக்கிறேன். 'குடும்பப் பிரச்சினை' என்று ஒரே வரி எழுதி வைத்திருந்தான். அதை அடித்துவிட்டு, அப்பாவின் பைபாஸ் ஆபரேஷன் தேதி, ஆஸ்பத்திரிச் சீட்டு, இனி வார இறுதியில் மட்டும் வேலை என்று கடை மேனேஜர் கொடுத்த கடிதம் எல்லாம் சேர்த்தோம். என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது, இந்த இரண்டும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அவனுக்கு உதவி திரும்பக் கிடைத்தது.

இன்னொன்று. நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால் நிதியுதவி அலுவலகத்தில் பொதுவாக எதுவும் சொல்ல மாட்டார்கள். மாணவி சம்மதம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதனால் மகளையே இந்த வாரம் போகச் சொல்லுங்கள். உங்கள் கல்லூரியின் சதவீதம் என்ன, 12 எடுத்தால் போதுமா என்று அவளே கேட்கட்டும்.