ரத்தக்காட்டேரியும் முகவீணையும்

கேள்வி: ‘சின்னர்ஸ்’ வெறும் ரத்தக்காட்டேரிப் படம்தானே? பாட்டு எதற்கு? – ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: பாட்டை எடுத்துவிட்டால் அந்தப் படமே இல்லை, ஐயா! 2025இல் ரையன் கூக்ளர் எடுத்தது. கதை நடப்பது 1932இல், அமெரிக்காவில் மிசிசிப்பியின் பருத்திக்காட்டு ஊரான கிளார்க்ஸ்டேலில். இரட்டையர் இருவரும் (இரண்டும் மைக்கேல் பி. ஜோர்டன்தான்) பழைய மர அறுவை ஆலையை ஆட்டக் கொட்டகையாக்குகிறார்கள். அங்கே பாதிரியாரின் மகனான சாமி என்னும் இளைஞன் கிடாரை மீட்டிப் பாடுகிறான். அப்போது ஆப்பிரிக்க முன்னோரும், இன்னும் பிறக்காத தலைமுறையின் மின்கிடார்க்காரரும் ஒரே தளத்தில் ஆடுகிறார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆற்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் கூத்து நினைவுக்கு வந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் முகவீணை என்னும் ஊதுகருவியை வாசிப்பவரின் கன்னம் பந்துபோல உப்பும். விடியற்காலையில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கீழே நிற்கும் என் பாட்டி அவனை உண்மையான அர்ச்சுனனாகவே எண்ணிக் கைகூப்புவாள். பாட்டு காலத்தைக் கிழிப்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

காட்டேரிகள் அழைக்காமல் வாசல் தாண்ட முடியாது. அவை ரத்தத்தோடு சாமியின் பாட்டையும் கேட்டு நிற்கின்றன. கறுப்பினக் கூலிக்காரர்களின் வலியில் பிறந்த ப்ளூஸ் இசையைப் பிறர் கவர்ந்துகொள்ளும் கொடுமையை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியுமா?

படத்தின் முடிவில் எழுத்துகள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். முதிய சாமியாக வருபவர் பட்டி கை; 1936இல் பிறந்த அசல் ப்ளூஸ் கலைஞர்.