எதைத் தாங்கும் ரகம்? சூரியகாந்தி முதல் நெல் வரை கேள்வி பதில்

பயிர் ரகங்களை உருவாக்கும் வேலையில் தலை நரைத்தவன் நான். சூரியகாந்தி பற்றிக் கேட்கச் சொன்னேன். நெல்லும் கூடவே வந்துவிட்டது. வரட்டும்.

ஐயா, போன ஆண்டு வீரிய ஒட்டு விதை போட்டேன், நல்ல விளைச்சல். அதிலேயே விதை எடுத்து இந்த ஆண்டு விதைத்தேன். ஒரு செடி ஆள் உயரம், பக்கத்துச் செடி இடுப்பளவு. சில செடிகள் கிளைத்துச் சின்னச் சின்னப் பூக்களாக நிற்கின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (சுரண்டைப் பக்கத்து விவசாயி)

கடைக்காரர் மேல் குற்றமில்லை. கிளைத்த அந்தச் செடிகளே அதற்குச் சாட்சி. ஒட்டு விதை தயாரிக்கும்போது தந்தைச் செடியைப் பெரும்பாலும் கிளைக்கிற வகையாகத்தான் வைத்துக்கொள்வோம். ஒரு கொண்டை (பூத்தலை) முடிந்தாலும் அடுத்தது திறக்கும். மகரந்தம் பல நாள் கிடைக்கும். கிளைக்கும் குணம் ஒட்டு விதையில் ஒளிந்து கிடக்கும். அதன் பிள்ளைகளில் ஏறத்தாழ நாலுக்கு ஒன்றில் தலைகாட்டும். உங்கள் வயலில் இப்போது நிற்பது அந்தப் பிள்ளைகள்.

காலையில் போய் இன்னொன்றும் செய்து பாருங்கள். திறந்த பூக்களை விரலால் தடவுங்கள். சிலவற்றில் மஞ்சள் தூள் ஒட்டும்; சிலவற்றில் தடவிய விரல் அப்படியே சுத்தமாக இருக்கும். இவை ஆண் மலட்டுச் செடிகள். இந்த மலட்டுத்தன்மைதான் ஒட்டு விதைத் தொழிலுக்கே அச்சாணி. ஒரு கொண்டையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள், ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் உண்டு. கையால் மகரந்தப்பையைக் கிள்ளி ஏக்கர் கணக்கில் விதை எடுக்க யாரால் முடியும்? 1969இல் பிரான்சில் லெக்லெர்க் என்பவர், ஒரு காட்டுச் சூரியகாந்தியோடு சேர்த்த கலப்பிலிருந்து மகரந்தமே உண்டாகாத செடியைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கின்மன், மகரந்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் மரபணுவைக் காட்டினார். தாய்க்கு மலடு, தந்தைக்கு மீட்பு, கணக்கு முடிந்தது. பெங்களூரிலிருந்து 1980இல் வந்த பி.எஸ்.எச்.-1 நம் நாட்டின் முதல் சூரியகாந்தி ஒட்டு ரகம்.

உலகத்து ஒட்டு ரகங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே மலட்டுத் தாய்வழியில்தான் நிற்கின்றன. 1970இல் அமெரிக்க மக்காச்சோளம் இப்படித்தான் ஒரே தாய்வழியை நம்பி நின்றது. இலைக்கருகல் வந்து வாரிக்கொண்டு போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

கொண்டை பெரிதாக இருக்கிறது, நடுவில் எல்லாம் மணி பிடிக்காத பொக்கு. ரகம் சரியில்லையா? (தாராபுரம்)

ரகத்தைத் திட்டுவதற்கு முன் தேனீ வருகிறதா என்று பாருங்கள். சூரியகாந்திக்குத் தன் மகரந்தம் அவ்வளவாக ஒத்துப்போகாது. இன்றைய ஒட்டு ரகங்கள் இதில் தேறியிருந்தாலும் தேனீ வந்தால் மணி கூடும். ஹெக்டேருக்கு 5 பெட்டி வைக்கலாம். பெட்டி இல்லாவிட்டால் காலை 9 முதல் 11 மணிக்குள் மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கொண்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள். வெளி இதழ்கள் விரியும் சமயத்தில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கலந்து கொண்டையில் தெளிப்பதும் பலன் தரும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து மட்டும் வேண்டாம்.

வறட்சியையும் தாங்கி விளைச்சலும் அள்ளித் தரும் ரகம் எது? ஒரே பெயராகச் சொல்லுங்கள். (விளாத்திகுளம்)

ஒரே பெயரைச் சொல்பவரிடம் விதை வாங்காதீர்கள். எந்த வறட்சி என்று முதலில் சொல்லுங்கள். பருவக் கடைசியில் மழை நின்றுவிடுகிறதா? அப்படியானால் ‘மார்டன்’ போன்ற 80 நாள் குட்டை ரகம் நிலம் காய்வதற்கு முன்பே தப்பித்துவிடும். ஆனால் மழை நீண்டு பெய்யும் ஆண்டில் நெடுநாள் ரகக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். நாள் குறைந்தால் கொண்டை நிரம்புவதற்கான நாளும் குறையும். இடையில் மழை விட்டு மறுபடி பெய்கிற ஊரில் ஆழமாக வேரோடும் நெடுநாள் ரகம் தேறிவிடலாம். கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே சிபாரிசு செய்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

வெள்ளம் தாங்கும் நெல் என்று சி.ஆர்.1009 சப்-1 கொடுக்கிறார்கள். மரபணு மாற்றியதா? பயமாக இருக்கிறது. (திருத்துறைப்பூண்டி, ஒரு அம்மா)

இல்லை அம்மா. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் எஃப்.ஆர்.13ஏ. அதில் வெள்ளம் தாங்க வைக்கும் ‘சப்-1’ என்ற மரபணுப் பகுதியை, அதன் அருகிலுள்ள மரபணு அடையாளக் குறியால் தேடித் தேடி, வழக்கமான மகரந்தச் சேர்க்கையாலேயே உங்களுக்குப் பழக்கமான 1009இல் கொண்டுவந்தார்கள். மூழ்கிய சாதாரண நெல் மூச்சுக்குத் தவித்து நீள்கிறது. சேமிப்பையெல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் துவண்டு படுத்துவிடுகிறது. சப்-1 நெல் நீளாமல் அடங்கிக் கிடக்கிறது. வடிந்ததும் மிச்சமிருக்கும் சேமிப்பில் துளிர்க்கிறது. இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். விதைத்த மறுநாளே வயல் மூழ்கினால் இந்த நெல்லும் காப்பாற்றாது.

நானே ஒரு ரகம் உருவாக்க ஆசை. எங்கே தொடங்குவது? (வேளாண்மை மாணவர்)

வரப்போரச் செடியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதில் தொடங்குங்கள், தம்பி. வெயிலும் இடமும் கூடுதலாகக் கிடைத்துப் பெருத்த செடி அது. அதன் பெருமை மண்ணுக்குரியது. விதைக்கு அதில் பங்கில்லை. நடு வயலில், நெருக்கத்திலும் நன்றாக நிற்பதைப் பாருங்கள். ரஷ்யாவின் கிராஸ்னதாரில் சூரியகாந்தி ரகங்களை உருவாக்கிய புஸ்தவோய்த் செய்த முறை எனக்குப் பிடித்தது. தேர்ந்த ஒவ்வொரு கொண்டையின் விதையிலும் ஒரு பகுதியை விதைத்துச் சோதிப்பார். மீதியைக் கையிருப்பில் வைப்பார். எந்தக் கொண்டையின் பிள்ளைகள் தேறின என்று தெரிந்த பிறகு, அந்தக் கையிருப்புகளை மட்டும் தனியிடத்தில் விதைத்துத் தங்களுக்குள் கலக்கவிடுவார். இப்படியே பல பத்தாண்டுகளில் எண்ணெய்ச் சத்தை 30 சதவீத அளவிலிருந்து 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார். பெரிய கருவி வேண்டியதில்லை. உறையில் பெயர் எழுதும் ஒழுங்குதான் வேண்டும். நான் முதல் ஆண்டில் மழையில் நனைந்த உறைகளோடு நின்றவன். பென்சிலால் எழுதுங்கள்.

சூரியகாந்தி நாள் முழுவதும் சூரியனோடு திரும்புமா?

இளஞ்செடி திரும்பும். பூத்து முதிர்ந்தது கிழக்கையே பார்த்து நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவைத் தேனீக்கள் அதிகம் நாடுகின்றன. சூரியகாந்தி வயல்களைப் படமெடுக்கத் தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம் போகிறவர்கள் இதை நினைத்து நிற்கும் பக்கத்தை முடிவு செய்யலாம்.

போன வாரம் அறுத்த சூரியகாந்தி விதை, தட்டில் போட்டால் முளைக்கவே இல்லை. செத்துவிட்டதா?

தூங்குகிறது. 45 நாள் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள்.