வாசகர் கேள்விகள்: ஹாலோவீன் காலத்துத் திகில்

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளித் தோழிகளோடு இந்த அக்டோபரில் பேய் வீட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பணம் கொடுத்துப் பயத்தை வாங்குவதில் என்ன இன்பம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அனுப்பலாமா?
— ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் கேள்வியின் நடுப்பகுதியிலிருந்து தொடங்குகிறேன். ஊஞ்சலை இன்னும் வேகமாகத் தள்ளச் சொல்லிக் கூச்சலிடும் குழந்தையையும், பாட்டி சொல்லும் முனிக் கதையைப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டே “அப்புறம்?” என்று கேட்கும் குழந்தையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இன்பம்தான் வளர்ந்த பிறகும் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆயினும் தனக்கு ஒன்றும் நேராது என்பதை அறிவின் ஒரு மூலை அறிந்திருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்திருக்கும் வரைதான் அது கேளிக்கை.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேய் வீடு ஒன்றுக்கு வந்த 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து, அவர்களிடம் கேள்விகளும் கேட்டு, 2020இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைவாக இருந்தபோதும் மிக அதிகமாக இருந்தபோதும் மகிழ்ச்சி குறைந்தது. நடுவில் ஓரிடத்தில்தான் அது உச்சத்தைத் தொட்டது. அந்த நடு இடம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே குழுவினர் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. பயத்தை முழுமையாக அனுபவிக்க முயன்றவர்களும், கண்ணை மூடிக்கொண்டும் தோழரின் கையைப் பற்றிக்கொண்டும் அதைக் குறைக்க முயன்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு நிறைவோடு வெளியே வந்தார்கள். ஆகவே உங்கள் மகள் பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டால் அதற்காக யாரும் அவளைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

அனுப்பலாம் என்பதே என் பதில். ஆனால் சீட்டு வாங்குவதற்கு முன் சிலவற்றை நீங்களே விசாரியுங்கள். உள்ளே வேடமிட்டு நிற்கும் நடிகர்கள் வருபவரைத் தொடுவார்களா, எந்த வயதினருக்காக அமைத்த காட்சி, நடுவில் வெளியேற விரும்புபவரை எந்த வழியாக அழைத்துச் செல்வார்கள் என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை தராத இடத்துக்கு என் வீட்டுப் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன். “வேண்டாம்” என்று தயங்கும் தோழியை எவரும் இழுத்துச் செல்லக் கூடாது என்பதையும் எல்லாப் பெண்களிடமும் சொல்லி அனுப்புங்கள். உங்கள் மாநிலத்திலேயே, ஜாக்சன் நகரியத்துக் கேளிக்கைப் பூங்காவில், 1984 மே 11 அன்று பேய்க்கோட்டை தீப்பற்றி எட்டு இளம்பருவத்தினர் இறந்தனர். அங்கே நீர்தெளிப்பான்கள் இருக்கவில்லை. அத்துயரத்துக்குப் பிறகுதான் இத்தகைய இடங்களுக்கான தீப் பாதுகாப்பு விதிகள் அமெரிக்கா முழுவதும் கடுமையாயின. வெளியேறும் வழியைக் காட்டும் விளக்கு அந்த இருட்டின் அழகைக் கெடுக்கிறது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இதை அறிய வேண்டும்.

கேள்வி: ஹாலோவீன் என்பது பேய் வழிபாடு என்கிறார் என் நண்பர். உண்மையா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிய மக்களுக்கு நவம்பர் முதல் நாள் குளிர்காலத்தின் தொடக்கம். கோடை மேய்ச்சலுக்குப் போன மாடுகள் ஊர் திரும்பும் பருவம். ‘சௌவின்’ என்ற அந்நாளுக்கு முந்திய இரவில் இம்மைக்கும் மறுமைக்கும் இடையிலுள்ள திரை மெலிந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். பின்னர் கத்தோலிக்கத் திருச்சபை அதே நவம்பர் முதல் நாளை எல்லாப் புனிதர்களுக்கும் உரிய திருநாளாக்கியது. அத்திருநாளின் முந்திய மாலை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரே தேய்ந்து ‘ஹாலோவீன்’ ஆயிற்று. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் இதற்கு அடுத்த வீடுதான்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிள்ளைகள் அவ்விரவில் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று, பாட்டோ கவிதையோ சொல்லிக் கொட்டைகளும் ஆப்பிளும் பெற்றார்கள். விளக்குக்காக அவர்கள் குடைந்தது டர்னிப் கிழங்கை. சுருங்கிப்போன மனித முகத்தைப் போலவே தோன்றும் அந்தப் பழைய கிழங்கு விளக்கைப் படத்திலாவது பாருங்கள். இன்றைய பரங்கிக்காய் முகம் அதற்கு முன் மிகவும் சாதுவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்து மக்கள், குடைவதற்கு எளிதாகவும் பெரிதாகவும் அங்கே மலிந்து கிடந்த பரங்கிக்காயைக் கையில் எடுத்தார்கள்.

கேள்வி: டிஸ்னிலேண்டின் பேய் மாளிகையில், நடன மண்டபத்தில் ஆவிகள் ஒளி ஊடுருவும் உடலோடு சுழன்று ஆடுவதைக் கண்டு திரும்பியதிலிருந்து எங்கள் வீட்டில் விவாதம் ஓயவில்லை. திரைப்படம்தான் என்கிறார் கணவர். அப்படியா?
— ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: கணவர் தோற்றுவிட்டார். அங்கே திரையே இல்லை. 1862ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்ற விஞ்ஞான விரிவுரையாளர் மேடையில் காட்டிய உத்தி அது; அதன் மூலக் கருத்து ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது, பெயர் மட்டும் ‘பெப்பரின் பேய்’ என்று நிலைத்துவிட்டது. மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே பெரிய கண்ணாடித் தகட்டைச் சாய்த்து நிறுத்துவார்கள். மேடைக்குக் கீழே, பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில், கறுப்புத் துணியின் முன்னே நடிகர் நிற்பார். அவர்மேல் வலுவான ஒளி விழும்போது அவருடைய பிம்பம் கண்ணாடியில் தோன்றும். மேடையில் நிற்பவர்களும் அதே கண்ணாடியின் ஊடே தெரிவதால், பிம்பம் அவர்கள் நடுவே உலவுவதுபோல் இருக்கும். ஒளியைக் குறைத்தால் ஆவி மறையும்.

இரவு ரயிலில் சன்னலோரம் அமர்ந்து, உங்கள் முகம் வெளியே இருண்ட வயல்வெளியின்மேல் மிதந்து வருவதைக் கண்டிருப்பீர்கள். அதே இயற்பியல்தான் இதுவும். 1969 ஆகஸ்ட் 9 அன்று திறந்த அந்த மாளிகையில் உங்கள் வண்டி மாடி முகப்பில் ஊர்ந்தபோது, ஆடும் பொம்மைகள் உங்களுக்குக் கீழும் மேலும் மறைவாகச் சுழன்றுகொண்டிருந்தன. எதிரே இருந்தது பிரம்மாண்டமான கண்ணாடி. நுழைந்தவுடன் சுவர்கள் நீண்டுகொண்டே போன அறையும் உங்களுக்கு நினைவிருக்கும். கலிபோர்னியாவில் அந்த அறை உண்மையில் கீழே இறங்கும் மின்தூக்கி; பூங்காவின் ரயில் பாதைக்கு அடியில் உங்களைக் கொண்டுபோய், அப்பாலுள்ள காட்சிக் கட்டடத்தில் சேர்ப்பதற்காக அதை அப்படி அமைத்தார்கள். ஒரு கட்டடச் சிக்கலைத் திகிலாக மாற்றிய அந்த வடிவமைப்பாளர்களை நான் மனதாரப் போற்றுகிறேன்.

ஓர் அட்டைப் பெட்டியின் உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டைக் குறுக்கே சாய்த்து, பக்கவாட்டில் ஒரு பொம்மையை மறைத்து அதன்மேல் டார்ச் அடித்தால், இந்தப் பேய் உங்கள் வரவேற்பறையிலும் தோன்றும். விவாதத்தை அத்தோடு முடித்துவைக்கலாம்.

கேள்வி: முன்பின் தெரியாதவர்கள் தரும் மிட்டாயில் நஞ்சு இருக்கும் என்ற அச்சத்தால் பேரப்பிள்ளைகளை ஹாலோவீன் இரவில் வீடு வீடாக மிட்டாய் வாங்க அனுப்பத் தயங்குகிறோம்.
— பாட்டி தாத்தா, ஹூஸ்டன்

பதில்: அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் துருவி ஆராய்ந்தும், அந்நியர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயின் நஞ்சால் ஒரு குழந்தை இறந்ததாக ஒரு நிகழ்வைக்கூட அவரால் உறுதிசெய்ய முடியவில்லை. உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. கறுப்பு அங்கி அணிந்த குட்டிச் சூனியக்காரி வண்டியோட்டியின் கண்ணுக்குத் தெரியமாட்டாள். ஒளியைத் திருப்பி வீசும் பட்டையை அங்கியில் தைத்துவிட்டு, நீங்களும் கூடவே நடந்து செல்லுங்கள்.

கேள்வி: அக்டோபரில் நண்பர்களோடு சேலம் நகருக்குப் போகிறோம். எல்லாரும் சூனியக்காரி வேடமிடத் திட்டம். உண்மையில் மனிதர்கள் கொலையுண்ட ஊரில் இது தகுமா என்று எனக்கு உறுத்தல்.
— ஒரு மாணவி, பாஸ்டன்

பதில்: (நம் சேலம் வாசகர்களுக்கு: இது மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்.) உங்கள் உறுத்தல் மதிப்புக்குரியது; அதை விட்டுவிடாதீர்கள். 1692இல் அங்கே சூனியக்காரர் என்று குற்றம் சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். வாய்திறந்து வழக்குரைக்க மறுத்த முதியவர் ஒருவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலும் சிலர் மாண்டார்கள். பலரும் நினைப்பதுபோல் எவரையும் எரிக்கவில்லை. இவர்களில் யாரும் சூனியக்காரர் அல்லர். அண்டை வீட்டாரின் பகையாலும் அச்சத்தாலும், கனவில் கண்டதைக்கூடச் சான்றாக ஏற்ற நீதிமன்றத்தாலும் இறந்த சாதாரண மனிதர்கள் அவர்கள். கடைசியாகக் குற்றவாளிப் பட்டியலில் எஞ்சியிருந்த ஒரு பெண்ணின் பெயரை மாநிலச் சட்டமன்றம் 2022இல்தான் நீக்கியது. ஒரு பள்ளி வகுப்பு மாணவர்களின் விடாமுயற்சிதான் அதற்குக் காரணம்.

1982 முதல் நடக்கும் அக்டோபர் விழாவில் அந்நகரத் தெருக்கள் வேடதாரிகளால் நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தில் நீங்களும் கலந்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதலில், விடியற்காலையில், வேடமின்றி, 1992இல் எழுப்பிய நினைவிடத்துக்குப் போங்கள். பெயரும் தேதியும் செதுக்கிய கற்பலகைகள் சுவரிலிருந்து நீண்டிருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் சற்று நில்லுங்கள். தூக்கிலிட்ட இடமென்று ஆய்வாளர்கள் 2016இல் உறுதிசெய்த பாறைமேட்டிலும் இப்போது சிறு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவ்விரு இடங்களிலும் கூரிய தொப்பியோடு படமெடுத்துக்கொள்ளாதீர்கள். கற்பனைப் பேய்க்கு நாம் அஞ்சி விளையாடலாம். இறந்தவரின் உறவினர் இன்றும் வந்து மலர் வைக்கும் கல், விளையாட்டுப் பொருள் ஆகாது.

கேள்வி: எனக்குப் பயம் அதிகம், ஆசை அதைவிட அதிகம். எந்தப் பேய்ப்படத்திலிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: 1922இல் வெளியான ஜெர்மானிய மௌனப் படம் ‘நோஸ்ஃபெராட்டு’விலிருந்து தொடங்குங்கள். திடுக்கிட வைக்கும் ஓசை எதுவும் இல்லை. மாடிப்படியில் ஏறும் நிழல் ஒன்றே போதும். ‘டிராகுலா’ நாவலின் உரிமை பெறாமல் எடுத்த படம் என்பதால் பிரதிகளை அழிக்க நீதிமன்றம் ஆணையிட்டது. தப்பிப் பிழைத்த பிரதிகளால்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

அதன்பின் துணிவு வந்தால், 1978இல் வந்த ‘ஹாலோவீன்’. இது இளகிய மனத்துக்கு உரியதன்று, ஆனால் இரத்தம் மிகக் குறைவு. சுமார் 3 லட்சம் டாலரில், கலிபோர்னியாவின் வசந்த காலத்தில் எடுத்த படம் என்பதால், சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி இலையுதிர் காலத்தை உண்டாக்கி, அவற்றையே அள்ளி மீண்டும் பயன்படுத்தினார்கள். கொலையாளியின் முகமூடி, கடையில் மலிவாக வாங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடர் நாயகனின் முகம். கண்துளையை அகட்டி வெள்ளை அடித்தவுடன் அதில் உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. இயக்குநர் ஜான் கார்ப்பென்டரே அமைத்த இசை ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் ஓடுகிறது. கண்டசாபு பழகிய நம் காது அதை எளிதில் பிடித்துவிடும். நாலெண்ணிக்கைக்குப் பழகிய மேலை இரசிகருக்கோ ஒவ்வொரு சுற்றிலும் கால் தடுக்குவதுபோல் இருக்கும். அச்சம் மிஞ்சினால் ஒலியைக் குறையுங்கள். படத்தின் பாதிப் பயம் போய்விடும்.

கேள்வி: 1938இல் ஒரு வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியதாமே?
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: அக்டோபர் 30 இரவில், இருபத்து மூன்று வயது ஆர்சன் வெல்ஸ், செவ்வாய் கிரகத்தவர் நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரில் இறங்கியதாகச் செய்தி அறிக்கையின் வடிவில் நாடகம் நடத்தினார். சிலர் நம்பி அஞ்சியது உண்மை. நாடே ஓடியது என்பது மறுநாள் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கியது. அன்றிரவு தொலைபேசி வழியே எடுத்த கணக்கில் அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் நூற்றுக்கு இருவர் அளவே. ஆனால் நாடகத்தின் வல்லமையை இது குறைக்காது. ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. நடன இசை திடீரென்று அறுந்து, செய்தியாளரின் குரல் நடுங்கி, பின் முழு மௌனம் விழும் அந்த இடத்தை, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.