இன்வெர்ட்டர் ஏசிக்கு கேஸ் ஏற்றும்போது கேஜ் (பிரஷர் மீட்டர்) பார்த்தால் போதாதா, எடை போட்டே ஆக வேண்டுமா?

எடை போட்டே ஆக வேண்டும். தராசு இல்லாமல் கேஜ் மட்டும் கொண்டுவந்து சிலிண்டரைத் திறப்பவரை என் வீட்டு ஏசியைத் தொட விடமாட்டேன். நானும் இதே வேலைதான் பார்க்கிறேன். முதல் சில வருடங்கள் கேஜை மட்டும் நம்பியவன்தான்.

அந்தப் பழக்கம் ஆர்-22 என்ற பழைய கேஸ் இருந்த காலத்தில் வந்தது. அப்போது கம்ப்ரசர் ஓடினால் ஒரே வேகம். சக்‌ஷன் பக்கம், அதாவது கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கம், 65, 70 பிஎஸ்ஐ பிரஷர் காட்டி, பெரிய பைப் சில்லென்று வியர்த்தால் சரி என்று வால்வை மூடிவிடுவோம். பெரும்பாலும் ஒப்பேறிவிடும். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். வேகம் கூடினால் சக்‌ஷன் பிரஷர் இறங்கும், குறைந்தால் ஏறும். உள்ளே இருக்கும் கேஸ் ஒரு கிராம்கூட மாறியிருக்காது. இதில் எந்த எண்ணைப் பார்த்து நிறுத்துவது?

நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒரு ஆர்-32 கேஸ் மிஷினில். கூலிங் இல்லை, இன்டோர் காயிலில் ஐஸ் பிடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். கேஜ் 90 பிஎஸ்ஐக்கும் கீழே. கேஸ் குறைவு என்று முடிவு கட்டினேன். சோப்பு நுரை போட்டும் லீக் எங்கும் அகப்படவில்லை. அங்கேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் 130 வரை ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் மறுபடி போன்: மத்தியானமானால் அவுட்டோர் டிரிப் ஆகிறதாம். இந்த முறை இன்டோரைக் கழற்றினேன். ஃபில்டர் கம்பளி மாதிரி இருந்தது, புளோயர் இதழ்களுக்கு நடுவே தூசி அடைத்திருந்தது. காயில் மேல் காற்றே போகாததால்தான் பிரஷர் இறங்கி ஐஸ் பிடித்திருக்கிறது. கேஸை ரெக்கவரி சிலிண்டரில் வாங்கி எடை போட்டால் 1,040 கிராம். அவுட்டோர் பிளேட்டில் கம்பெனி போட்டிருந்த கேஸ் அளவோ 780.

அதற்கப்புறம் ஸ்பிளிட் ஏசியில் முதலில் ஐஸ் எங்கே பிடிக்கிறது என்று பார்ப்பேன். அவுட்டோர் பக்கம் சின்ன பைப்பில் பனி படர்ந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. காயில் முழுக்கப் பிடித்துப் பெரிய பைப் வரை வந்தால் காற்றோட்டத்தைத்தான் சந்தேகப்படுவேன்.

இன்னொன்று, கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஓட்டை. பைப்பை இணைக்கும் ஃபிளேர் நட்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அங்கிருந்து தேடுங்கள். வருடாவருடம் டாப்-அப் செய்பவர் ஓட்டையை உங்களிடமே விட்டுவிட்டுப் போகிறார்.

முறையாகச் செய்வதென்றால் மிச்ச கேஸை வெளியே எடுத்து, லீக்கை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி பிரஷர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜனை மறந்தும் ஏற்றக் கூடாது, கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். பிறகு வாக்யூம், அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. பம்பைப் பத்து நிமிடம் ஓட்டினேன் என்பதெல்லாம் கணக்கில்லை. வாக்யூமை அளக்கும் மைக்ரான் கேஜில் 500க்குக் கீழே இறங்கி, பம்பை நிறுத்தினாலும் மேலே ஏறாமல் நிற்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் அது எண்ணெயைக் கெடுத்து அமிலமாக்கும், கம்ப்ரசர் மோட்டார் வைண்டிங் பின்னால் ஒரு நாள் எரியும்.

அப்புறம்தான் தராசு. பிளேட்டில் உள்ள கிராம் கணக்கு, அதோடு பைப் நீளம் கூடுதலாக இருந்தால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று மேனுவலில் இருக்கும் அளவு. ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை, அதனால் திரவமாகவே ஏற்ற வேண்டும். ஆர்-32 ஒரே கேஸ்தான், ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். சூடும் தரும் ஏசியாக (ஹீட் பம்ப்) இருந்து, குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓடும்போது ஏற்ற நேர்ந்தால் கேஜ் இன்னும் மோசமாக ஏமாற்றும், அங்கே எடையைத் தவிர வழியே இல்லை. எக்ஸ்பான்ஷன் வால்வு உள்ள பெரிய சிஸ்டத்தில் மட்டும் கடைசியில் சப்கூலிங் (திரவமான பிறகு கேஸ் இன்னும் எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்ற கணக்கு) பார்த்துக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம்.

ஏற்றி முடித்ததும் எத்தனை கிராம், என்ன தேதி என்று அவுட்டோர் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத்தான் தொடங்குவார்.